கட்டிலில் ஸ்பிரிங் கட்டிய ஜோசப் பிலாட்டீஸ்

மும்பையில் செம்பூர், முலுண்ட், பாந்திரா பக்கம் போகிறவர்கள் சில மாடிப்படி வாசல்களில் பிலாட்டீஸ் என்று எழுதிய போர்டைப் பார்த்திருக்கலாம். பிசியோதெரபி என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே அதுவும் இருக்கும். ஏதோ மருந்தின் பெயர் என்று நினைத்தவர்கள் உண்டு. கம்பெனியின் பெயர் என்று நினைத்தவர்களும் உண்டு. உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். சிறு வயதில் நோஞ்சானாக இருந்து, பிறகு குத்துச்சண்டை போட்டு, சர்க்கஸில் வேலை பார்த்து, யுத்த காலத்தில் கம்பி வேலிக்குள் அடைபட்டு, 40 வயதுக்கு மேல் கப்பலேறி அமெரிக்கா போனவர் ஜோசப் பிலாட்டீஸ். அங்கே 40 ஆண்டு காலம், நொண்டிக்கொண்டு வந்தவர்களை நிமிர்ந்து நடக்க வைத்தார். டாக்டர்கள் தம் முறையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. அது நிறைவேறாமலே 1967-ல் கண்ணை மூடினார். இன்று டாக்டர்களே அந்தப் பெயரைச் சொல்லி நோயாளிகளை அனுப்புகிறார்கள். சொந்தக் காசைக் கொடுத்து அந்தப் படியேறுகிறவர்கள் இவருடைய கதையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

மில் ஊரில் நோஞ்சான் பிள்ளை

ஜெர்மனியின் மேற்குக் கோடியில் மோன்சென்கிளாட்பாக் என்று ஓர் ஊர். பஞ்சாலைகள் நிறைந்த ஊராதலால் ரைன் பிரதேசத்தின் மான்செஸ்டர் என்றே அதைச் சொல்வது வழக்கம். பரேல், லால்பாக் மில் சங்குகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஊரை அதிகம் வர்ணிக்க வேண்டியதில்லை. அங்கே 1883 டிசம்பர் 9-ஆம் தேதி ஜோசப் பிறந்தார். தகப்பனார் உலோக வேலைக்காரர். வேலை முடிந்ததும் ஜிம்னாஸ்டிக் சங்கத்துக்குப் போய்க் கசரத்து செய்கிறவர். அந்தக் காலத்து ஜெர்மனியில் ஊருக்கு ஊர் இப்படிப்பட்ட தேகப்பயிற்சிச் சங்கங்கள் இருந்தன.

தகப்பனார் அப்படி இருக்க, பிள்ளையோ நேர் எதிர். ஆஸ்துமா, எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ், போதாக்குறைக்கு ருமாட்டிக் காய்ச்சல். பள்ளிக்கூடத்துப் பையன்கள் அவர் பெயரை வைத்துக் கேலி செய்வார்களாம். ஏசுவைச் சிலுவைக்கு அனுப்பிய பொந்தியு பிலாத்துவின் பெயர் போல் ஒலித்ததுதான் காரணம். ஒரு டாக்டர் கொடுத்த பழைய உடற்கூறு புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, எந்தத் தசை எதை இழுக்கிறது என்று மனப்பாடம் செய்ததாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ஜிம்னாஸ்டிக், குத்துச்சண்டை, பனிச்சறுக்கு, நீச்சல் எல்லாவற்றையும் முயன்று பார்த்தார். 14 வயதில், உடற்கூறு படங்கள் வரைவதற்கு மாடலாக நிற்கும் அளவுக்கு உடம்பு உருண்டு திரண்டுவிட்டது என்பார்கள்.

1912 வாக்கில் இங்கிலாந்துக்குப் போனார். குத்துச்சண்டை, சர்க்கஸ், போலீஸாருக்குத் தற்காப்புப் பயிற்சி என்று பிழைப்பு நடந்தது. பிழைக்க வந்த இடத்தில் கிடைத்த வேலையைச் செய்வதுதானே வழக்கம்!

கம்பி வேலிக்குள்

1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. இங்கிலாந்தில் இருந்த ஜெர்மானியர்கள் ஒரே நாளில் அந்நியர்களாகவும் எதிரிகளாகவும் ஆகிவிட்டார்கள். ஓட்டல் சிப்பந்திகள், முடி திருத்துவோர், குமாஸ்தாக்கள், மாலுமிகள் எல்லோரையும் பிடித்து அடைத்தார்கள். பிலாட்டீஸ் முதலில் லங்காஸ்டரில் அடைக்கப்பட்டார். 1915-ல் ஐல் ஆஃப் மேன் என்ற தீவிலுள்ள நாக்கலோ முகாமுக்கு மாற்றப்பட்டார். வரிசை வரிசையாக மரக் கொட்டகைகள், சுற்றிலும் முள்கம்பி. யுத்தம் உச்சத்தில் இருந்தபோது 20,000-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருந்தார்கள். குற்றம் ஏதும் செய்யாதவர்கள். ஊருக்குப் போகவும் வழியில்லை, வேலையும் இல்லை. ஆண்டுக்கணக்காக இப்படி அடைபட்டவர்களுக்கு வந்த சோர்வுக்கும் மனத் தளர்ச்சிக்கும் அந்நாளைய மருத்துவர்கள் முள்கம்பி நோய் என்றே பெயர் வைத்தார்கள்.

பிலாட்டீஸ் சும்மா உட்காரவில்லை. பக்கத்துக் கொட்டகைக்காரர்களைக் கூட்டி வைத்துத் தேகப்பயிற்சி சொல்லிக் கொடுத்தார். அந்தத் தீவில் வாலில்லாத பூனைகள் பிரசித்தம். மெலிந்து கிடந்தாலும் அந்தப் பூனைகள் சோம்பாமல் காலை நீட்டி, முதுகை வளைத்து, நெளிந்து கொடுப்பதைப் பார்த்துத்தான் தமக்கு யோசனை பிறந்தது என்று 1962-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகைக்குச் சொன்னார்.

எழுந்து நிற்க முடியாதவர்களும் முகாமில் இருந்தார்கள். அவர்கள் பயிற்சி செய்வது எப்படி? இங்கேதான் நம் கதையின் முக்கியமான இடம் வருகிறது. கட்டிலின் இரும்புச் சட்டத்தில் ஸ்பிரிங்குகளை மாட்டி, அதன் மறு நுனியை நோயாளியின் கையிலோ காலிலோ கொடுத்து, படுத்தபடியே இழுக்கச் சொன்னார் என்பது அவர் வழி வந்தவர்கள் சொல்லும் வரலாறு.

ஸ்பிரிங்கில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். இரும்புக் குண்டைத் தூக்கினால் முதலிலிருந்து கடைசி வரை அதே கனம்தான். ஸ்பிரிங் அப்படியல்ல. ஆரம்பத்தில் லேசாக இழுபடும். நீள நீளப் பிடிவாதம் காட்டும். திரும்பி வரும்போது கையை விட்டுவிட்டால் வெடுக்கென்று ஓடும். ஆகவே போகும்போதும் வரும்போதும் தசை காவல் காக்க வேண்டியிருக்கிறது. இன்னொன்று, பலமில்லாத காலை ஸ்பிரிங்கே தாங்கிப் பிடித்து உயர்த்தியும் கொடுக்கும். அதாவது ஒரே பொருள் எதிரியாகவும் இருக்கும், தோழனாகவும் இருக்கும். உடம்பின் பாரம் காலில் இறங்காமல் படுத்த நிலையில் காலைப் பழக்க முடிகிறது. இன்றைய புனர்வாழ்வுப் பயிற்சிக்கூடத்தில் பல்லாயிரம் ரூபாய் பெறுமான மெஷினில் நடப்பதும் அடிப்படையில் இதுவேதான்.

1918-ல் உலகமெல்லாம் விஷக் காய்ச்சல் பரவியபோது, பிலாட்டீஸிடம் பயிற்சி பெற்றவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை என்று சீடர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ரயில்வே குமாஸ்தாவான எனக்கு, ரிஜிஸ்டரில் ஏறாத கணக்கை ஒப்புக்கொண்டு பழக்கமில்லை. அந்தப் பெருமை இல்லாமலே அவர் செய்தது பெரிய காரியம்தான்.

அதே ஆண்டுகளில் கம்பி வேலிக்கு வெளியிலும் இதே வேலை நடந்தது. காயம்பட்ட சிப்பாய்களின் கைகால்களை மறுபடியும் இயங்க வைப்பதற்காக அமெரிக்க ராணுவம் பெண் உதவியாளர்களைத் திரட்டியது. அவர்களில் முதன்மையானவர் மேரி மக்மில்லன். 1921-ல் அவர்கள் அமைத்த சங்கத்திலிருந்துதான் அமெரிக்காவில் பிசியோதெரபி ஒரு தொழிலாக வளர்ந்தது. ஒரே யுத்தம் இரண்டு வழிகளைத் திறந்துவிட்டது. ஒன்று டாக்டர்களின் ஆதரவோடு ஆஸ்பத்திரிக்குள் போயிற்று. மற்றது, பட்டம் எதுவும் இல்லாத பிலாட்டீஸோடு தெருவில் நின்றது.

எட்டாவது அவென்யூ, 939

யுத்தம் முடிந்து ஜெர்மனி திரும்பிய பிலாட்டீஸ் ஹாம்பர்க் நகரப் போலீஸாருக்குப் பயிற்சி கொடுத்தார். ஆனால் அங்கே மனம் ஒட்டவில்லை. 1926-ல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். கப்பலில் சந்தித்த கிளாரா என்ற பெண்மணி அவருக்கு வாழ்க்கைத் துணையானார். எட்டாவது அவென்யூவில் 939-ஆம் எண் கட்டடத்தில் இருவரும் பயிற்சிக்கூடம் திறந்தார்கள். சறுக்குப் பலகை கொண்ட அவருடைய மெஷினுக்கு 1927-ல் அமெரிக்க பேடண்ட் கிடைத்தது. ரிஃபார்மர் என்று அதற்குப் பெயர். பார்ப்பதற்குக் கால் முளைத்த கட்டில் போலவே இருக்கும். முகாமுக் கட்டில் அவர் மனதை விட்டுப் போகவில்லை போலும்.

தமது முறைக்கு அவர் வைத்த பெயர் பிலாட்டீஸ் அல்ல, கான்ட்ராலஜி. உடம்பை மனதின் கட்டுப்பாட்டில் வைக்கும் கலை என்று பொருள் கொள்ளலாம். 1934-ல் ஒரு புத்தகமும், 1945-ல் இன்னொன்றும் வெளியிட்டார். இரண்டாவதில் தரையில் பாய் விரித்துச் செய்யக்கூடிய 34 பயிற்சிகள் உள்ளன. முதல் பயிற்சிக்கு நூறு என்று பெயர். மல்லாந்து படுத்துத் தலையையும் காலையும் உயர்த்தி, கைகளை மேலும் கீழும் 100 தடவை அசைக்க வேண்டும். ஐந்து அசைவுக்கு மூச்சை இழுத்து, ஐந்து அசைவுக்கு விட வேண்டும். மூன்றாவதாக வரும் பயிற்சி, காலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோவது. நம் ஹலாசனத்தைப் பார்த்தவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது. கவனியுங்கள், இந்த 34-க்கும் மெஷின் வேண்டாம், ஒரு பாய் போதும். புத்தகத்தில் காசில்லாமல் கொடுத்ததை அவர் ஒளித்து வைக்கவில்லை.

சுற்றுவட்டாரத்தில் நடனப் பள்ளிகள் ஏராளம். கால் பிசகியவர்கள், முதுகு பிடித்தவர்கள் எல்லோரும் அவரிடம் வந்தார்கள். புகழ்பெற்ற நடன ஆசிரியர்களான ஜார்ஜ் பாலன்சினும் மார்த்தா கிரஹாமும் தங்கள் மாணவர்களை அனுப்பினார்கள். 1940-களில் கணுக்கால் காயத்தோடு பாலன்சின் அனுப்பி வந்த ரொமானா கிரிசனோவ்ஸ்கா என்ற பெண், பிற்காலத்தில் அவருடைய பிரதம சிஷ்யையானார்.

ஈவ் ஜென்ட்ரி என்ற நடனக்காரர் கதை இன்னும் உருக்கமானது. 1950-களில் மார்பகப் புற்றுநோய்க்காக அவருக்குப் பெரிய ஆபரேஷன் நடந்தது. அந்நாளில் மார்பகத்தோடு அடியிலுள்ள தசைகளையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு கையைத் தூக்குவதே பெரும்பாடு. பிலாட்டீஸ் பொறுமையாகப் பழக்கி அந்தக் கையைப் பழையபடி உயர வைத்தார். அதைச் சினிமாப் படமாக எடுத்து டாக்டர்களிடம் காட்டியபோது, தசையை எடுத்தவரால் இப்படி அசைய முடியாது என்று அவர்கள் நம்ப மறுத்தார்களாம். ஆஸ்பத்திரிகள் தம்மைக் கூப்பிடும் என்று அவர் காத்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. லெனாக்ஸ் ஹில் ஆஸ்பத்திரி எலும்பு நிபுணர் ஹென்றி ஜோர்டனைப் போல ஓரிருவர்தான் அவர் பக்கம் பார்த்தார்கள்.

தப்பு டாக்டர்கள் பேரில் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. பிலாட்டீஸ் முன்கோபி. கேள்வி கேட்டால் பிடிக்காது. தம் முறை எல்லா நோய்க்கும் மருந்து என்கிற தோரணையில் எழுதினார். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள், தேறாதவர்கள் யார் என்று கணக்கு வைத்துக் காட்டவில்லை. கணக்கில்லாத வைத்தியத்தை விஞ்ஞானம் ஏற்காது. நாக்கலோ முகாம் காய்ச்சல் கதைக்கும் இந்தக் கதிதான்.

அன்று அங்கே, இன்று இங்கே

அவரிடம் போனவர்கள் கைக்காசு கொடுத்தே போனார்கள். இன்று நம் நிலைமையும் ஏறக்குறைய அதுவே. ரயில்வே ஊழியர்களுக்கு ரயில்வே ஆஸ்பத்திரியும், இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் உண்டு. அவற்றில் பிசியோதெரபிப் பிரிவும் உண்டு. மற்றவர்கள் வைத்திருக்கும் மெடிக்ளெய்ம் பாலிசிகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். நடந்து போய்ச் செய்துகொள்ளும் பயிற்சிக்குத் தருவது அபூர்வம். ஆகவே கொடுக்கும் பணத்துக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று தெரிந்திருப்பது அவசியம்.

பிலாட்டீஸ், வந்தவரை முதலில் நிற்க வைத்து, நடக்க வைத்து, குனிய வைத்துப் பார்ப்பார். இன்றும் முதல் நாளில் நடக்க வேண்டியது இதுதான். வலி எப்போது வந்தது, என்ன வேலை, எவ்வளவு நேரம் உட்காருகிறீர்கள், முன்பு காயம், ஆபரேஷன் உண்டா என்று கேட்டு, எந்த மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். மூத்திரம், மலம் கட்டுப்படாமல் போவது, தொடைகளின் இடையில் மரத்துப் போவது, காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது போன்றவை இருந்தால் பயிற்சியை ஒதுக்கி வைத்து உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். எத்தனை தடவை வர வேண்டியிருக்கும், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அன்றே சொல்ல வேண்டும்.

என் அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் இடுப்புவலியோடு ஒரு தனியார் நிலையத்துக்குப் போனேன். பத்து நாளைக்கு முன்பணம் கட்டச் சொன்னார்கள். பத்து நாளும் குப்புறப் படுக்க வைத்துக் கரண்ட் வைத்தார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள். ஒரு நாள்கூட என்னை நடக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்பவன் என்பதையும் யாரும் கேட்கவில்லை. படுத்திருந்த நேரம் சுகமாகத்தான் இருந்தது. பதினோராம் நாள் வலி அதே இடத்தில் இருந்தது. பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டுக் குழு 2016-ல் வெளியிட்ட குறிப்பில், இடுப்புவலிக்கு இந்தக் கரண்ட் சிகிச்சைகளும் அல்ட்ராசவுண்டும் வேண்டாம், உடற்பயிற்சியைச் சொல்லுங்கள் என்றே இருக்கிறது. அதை நான் படித்தது பணம் கட்டிய பிறகு.

அப்படியானால் பிலாட்டீஸ் பயிற்சி பலன் தருமா? காக்ரேன் என்ற ஆராய்ச்சி அமைப்பு 2015-ல் 10 பரிசோதனைகளை, 510 நோயாளிகளின் விவரங்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. சும்மா இருப்பதைவிட இந்தப் பயிற்சி இடுப்புவலியைக் குறைக்கிறது என்று தெரிந்தது. ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிட இது உயர்ந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. ஆகவே கையில் காசு குறைவாக இருப்பவர் மனம் தளர வேண்டியதில்லை. சில தடவை போய், சரியாகச் செய்கிறோமா என்று ஒரு தேர்ந்த கண்ணால் பார்க்கச் செய்து, பிறகு வீட்டில் பாய் விரித்துத் தினம் செய்யலாம். மறு நாள் தசை நோவு லேசாக இருந்தால் பயமில்லை. காலில் இறங்கும் வலியோ, குத்தும் வலியோ வந்தால் அங்கேயே நிறுத்திச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பிலாட்டீஸ் என்ற பெயர் எனக்கே சொந்தம் என்று ஒருவர் அமெரிக்காவில் உரிமை கொண்டாட, 2000-ல் நியூயார்க் நீதிமன்றம் அந்தச் சொல் எல்லோருக்கும் பொதுவானது என்று தீர்ப்பளித்தது. யோகா, கராத்தே என்பது போல யார் வேண்டுமானாலும் போர்டு எழுதலாம். சில வாரப் பயிற்சி பெற்றவரும் எழுதுகிறார், பல ஆண்டு படித்தவரும் எழுதுகிறார். பிசியோதெரபிஸ்ட் என்பவர் கல்லூரியில் பட்டம் படித்தவர். நம் நாட்டில் 2021-ல் வந்த சட்டம் அந்தத் தொழிலுக்குப் பதிவு முறையைக் கொண்டுவந்திருக்கிறது. உடம்பு நன்றாக இருப்பவர் பயிற்சியாளரிடம் போகலாம். ஆபரேஷன் ஆனவர், காலில் வலி இறங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பட்டம் பெற்றவரைத்தான். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? பிலாட்டீஸாக இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார், அது வேறு விஷயம்.

கடைசி நாட்கள்

80 வயதிலும் நீச்சல் டிரவுசர் மட்டும் போட்டுக்கொண்டு பயிற்சி செய்து காட்டிய மனிதர் பிலாட்டீஸ். ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் விடவில்லை. சுருட்டு. மூச்சை அடி வயிறு வரை ஒட்டப் பிழிந்து வெளியே விட வேண்டும் என்று ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கு, நுரையீரல் காற்றை வெளியே விட முடியாமல் ஊதிப்போகும் எம்ஃபிசீமா நோய் வந்தது. 1967 அக்டோபர் 9-ஆம் தேதி நியூயார்க்கில் காலமானார். வயது 83.

1980-களில் சான்பிரான்சிஸ்கோவில் செயின்ட் பிரான்சிஸ் ஆஸ்பத்திரியின் விளையாட்டு மருத்துவப் பிரிவு அவருடைய முறையைச் சேர்த்துக்கொண்டது. அதன் பிறகு மற்ற இடங்களிலும் பிசியோதெரபிஸ்டுகள் எடுத்துக்கொண்டார்கள். முப்பது ஆண்டுகள் தட்டிய கதவு, அவர் போன பிறகு திறந்தது.

கிளாராவைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. வெள்ளை உடுப்பில், அதட்டாமல், கூடத்தில் ஓரமாக நிற்பார். பிலாட்டீஸ் ஆரோக்கியமானவர்களை விரட்டி வேலை வாங்கிக்கொண்டிருக்க, வலியோடு வந்தவர்களைக் கிளாரா தனியே அழைத்துப்போய், அவர்களால் முடிந்த அளவுக்குப் பயிற்சியைக் குறைத்து மாற்றிச் சொல்லிக் கொடுப்பார். அவர்தான் சிறந்த ஆசிரியர் என்று பழைய மாணவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். கணவர் போன பிறகும் அவர் கூடத்தை மூடவில்லை. பிறகு ரொமானா பொறுப்பேற்றுக்கொண்டார். 1970-களில் மெஷின்கள், ஸ்பிரிங்குகள் எல்லாம் எட்டாவது அவென்யூவிலிருந்து 56-ஆவது தெருவுக்கு இடம் மாறின.